குறைமாதக் குழந்தையின் மூச்சுக்குப் பிறக்கும் முன்பே ஓர் ஊசி

34 வாரம் முடியும் முன் பிரசவம் ஆகிவிடும் போலிருந்தால், தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசியில் முதலாவதைத் தாமதிக்கக் கூடாது. பெரிய மருத்துவமனைக்குப் போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று விடும்போதுதான் பொன்னான நேரம் வழியிலேயே போய்விடுகிறது. கர்ப்ப வாரம் சரியாகத் தெரிந்து, தாய்க்குத் தொற்றின் அறிகுறி இல்லையென்றால், முதல் ஊசியைப் போட்டே அனுப்ப வேண்டும்.

நுரையீரலின் நுண்ணிய காற்றுப்பைகள் மூச்சை விடும்போது ஒட்டிக்கொள்ளாமல் காப்பது சர்ஃபாக்டன்ட் என்னும் மெல்லிய படலம். குறைமாதத்தில் அது போதுமான அளவு சுரந்திருக்காது. அதனால் குழந்தை முனகி, விலா உள்ளிழுக்க மூச்சுக்குப் போராடும். ஸ்டீராய்டு அந்தச் சுரப்பை முடுக்கிவிடுகிறது. குழந்தையின் மூளைக்குள் இரத்தம் கசிவதும் குறைகிறது. நியூசிலாந்தில் மகப்பேறு மருத்துவர் லிக்கின்ஸ் முதலில் செம்மறியாடுகளில் இதைக் கண்டார். குழந்தைநல மருத்துவர் ஹோவியுடன் சேர்ந்து தாய்மார்களிடம் செய்த ஆய்வு 1972இல் வெளிவந்தது.

இதற்குப் போடும் ஸ்டீராய்டு இரண்டில் ஒன்று. டெக்ஸாமெத்தசோன் என்றால் 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி. பீட்டாமெத்தசோன் என்றால் 12 மில்லிகிராம், 24 மணி நேர இடைவெளியில் இரண்டு. இரண்டுமே தசையில்தான். குழப்பம் நேர்வது இங்கேதான்: ஒரு மருந்தின் அட்டவணையை மற்றதற்குப் போட்டுவிடுவார்கள். டெக்ஸாமெத்தசோன் குப்பியில் மில்லிக்கு 4 மில்லிகிராம் இருந்தால் ஒரு வேளைக்கு 1.5 மில்லிதான், குப்பியை அப்படியே இழுத்துவிடாமல் லேபிளைப் படியுங்கள். பிரெட்னிசலோன் என்னும் வேறொரு ஸ்டீராய்டை இதற்கு மாற்றாகக் கொடுப்பதில் பயனில்லை. நஞ்சுக்கொடியே அதில் பெரும்பகுதியைச் செயலிழக்கச் செய்துவிடும்.

முழுப் பலன் கிடைப்பது முதல் ஊசி போட்டு ஒரு நாள் கழித்து, ஏழு நாளுக்குள் பிரசவமானால். அதற்காக, சில மணி நேரத்தில் குழந்தை பிறந்துவிடும் என்று ஊசியையே தவிர்க்க வேண்டாம். ஒரு ஊசி உள்ளே போனாலும் ஓரளவு உதவும். மறுபுறம், லேசான வலிக்கெல்லாம் 'எதற்கும் இருக்கட்டும்' என்று போடுவதும் தவறு. உண்மையில் தேவைப்படும் நாளில் பலன் தேய்ந்திருக்கும். திரும்பத் திரும்பப் போட்டால் குழந்தையின் எடை குறையக்கூடும்.

சர்க்கரை நோயுள்ள தாய்க்கு அடுத்த சில நாள்கள் இரத்தச் சர்க்கரை ஏறும். இன்சுலினைக் கூட்ட வேண்டியிருக்கலாமே தவிர, அதற்காக ஊசியை மறுக்கக் கூடாது. வெள்ளணுக்களும் கூடும் என்பதால் அந்த எண்ணிக்கையை மட்டும் வைத்துத் தொற்று என்று முடிவுகட்ட முடியாது. குழந்தையின் அசைவு ஓரிரு நாள் குறையலாம். ஆனாலும் அசைவு குறைந்ததாகத் தாய் சொன்னால், ஊசியால்தான் என்று ஒதுக்காமல் இதயத் துடிப்பைப் பார்க்க வேண்டும்.

அனுப்பும் சீட்டில் மருந்தின் பெயர், அளவு, போட்ட தேதி, மணி நான்கும் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் அடுத்த ஊசி எப்போது என்பதை அங்கே யாராலும் கணக்கிட முடியாது.