கடன் மென்பொருளுக்குள் ஏசி பில்: ஒரு டெல்டா வீட்டுக்கான கணக்கு

இங்கிலாந்தில் வீட்டுக்கடனுக்கு விண்ணப்பித்தால் சம்பளத்தோடு, குளிர்காலத்தில் அந்த வீட்டைச் சூடாக்க ஆகும் செலவும் கணக்கில் வரும். 2014 ஏப்ரலில் அமலான விதிகளின்படி, குடும்பத்தின் தவிர்க்க முடியாத செலவுகளைக் கடன் தருபவர் பார்த்தாக வேண்டும். கேஸ், மின்சாரம், கணப்பு எல்லாம் அதில் அடக்கம். அதற்கான தகவலும் அங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. விற்கும் வீட்டுக்கு ஆற்றல் சான்றிதழ் வேண்டும். ஏ முதல் ஜி வரை தரம், பத்து ஆண்டு ஆயுள், யாரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேடு. கடன் தருபவரின் மென்பொருள் முகவரியைக் கொடுத்துச் சான்றிதழை எடுத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. காவிரி டெல்டாவில் வீட்டுக்கடன் கேட்பவரின் ஏசிச் செலவை இதேபோல் ஒரு மென்பொருள் கணிக்க வேண்டுமானால், அதை எப்படி எழுதுவது என்பதுதான் இங்கே கேள்வி.

பழைய வீட்டுச் சுவரைத் துளை போட்டுப் பார்க்க முடியாது என்பதால், கட்டிய காலத்தை வைத்தே சுவரும் கூரையும் எவ்வளவு வெப்பம் கடத்தும் என்று அங்கே அனுமானிக்கிறார்கள். இந்த உத்தி தஞ்சாவூருக்கும் மயிலாடுதுறைக்கும் அப்படியே பொருந்தும். பொருந்தாதது மற்றதெல்லாம். இங்கே கணப்பு கிடையாது, ஏசி உண்டு. சான்றிதழ் கிடையாது, இ.பி. பில் உண்டு. அந்த பில் ஸ்லாப் முறையில், அதாவது யூனிட் கூடக்கூட விலையும் கூடும் படிகளாக, ஏறுவதுதான் கணக்கையே புரட்டிப் போடுகிறது.

முதலில் வெப்பம். ஒரு சதுர மீட்டர் கூரையின் இரு பக்கமும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் எத்தனை வாட் உள்ளே இறங்கும் என்பதை ‘யு மதிப்பு’ என்பார்கள். ஐந்தங்குல கான்கிரீட் தளம் வெறுமனே இருந்தால் அது சுமார் 3.5. அதன்மேல் மூன்றங்குலம் செங்கல் ஜல்லி சுண்ணாம்பு போட்டுத் தட்டோடு பதித்திருந்தால் 2.4 அளவுக்கு வரும். வெப்பத்தைத் தடுக்கும் காப்பாக 40 மில்லிமீட்டர் தெர்மாகோல் வகை அழுத்தப் பலகையைச் சேர்த்தால் 0.6. மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு 2018இல் வெளியிட்ட குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு கூரைக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு 1.2. கும்பகோணத்தில் இன்று தளம் போடும் சாதாரண வீடு எதுவும் அதன் பக்கத்தில்கூட வராது.

மே மாத நண்பகலில் ஒரு சதுர மீட்டர் தளத்தில் 950 வாட் வெயில் விழுகிறது. அழுக்கேறிய சிமென்ட் தளம் அதில் 65 சதவீதத்தை உறிஞ்சுகிறது. காற்றுக்கும் வானத்துக்கும் திருப்பித் தருவது போக, வெளியே 38 டிகிரி இருக்கும்போது தளத்தைப் பொறுத்தவரை அது 65 டிகிரிக் காற்றில் கிடப்பதற்குச் சமம். வெள்ளைப் பூச்சு அடித்து உறிஞ்சும் அளவை 30 சதவீதமாகக் குறைத்தால் அந்த 65 என்பது 48 ஆகிவிடும். ஆனால் புதிதாகப் பூசியபோது இருந்த எண்ணையே மென்பொருளில் வைத்துக்கொள்ளக் கூடாது. புழுதியும் பாசியும் படிந்து, ஓரிரு மழைக்காலத்தில் பூச்சு மங்கிவிடும்.

சுவர் விஷயத்தில் இங்கிலாந்துச் சூத்திரத்தைக் கடன் வாங்கினால் திசையே தவறிவிடும். அங்கே நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கில். தஞ்சாவூர் 10.8 டிகிரி வடக்கில் இருப்பதால், ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. அதாவது ஏசி அதிகம் ஓடும் மாதங்களில் வடக்குச் சுவரும் வெயில் வாங்கும். மேற்குச் சுவரைச் சொல்லவே வேண்டாம். ஒன்பதங்குலச் செங்கல் சுவரில் பிற்பகல் ஏறிய வெப்பம் உள்பக்கம் வந்து சேர ஏழெட்டு மணி நேரமாகும். சரியாகப் படுக்கப் போகும் நேரம்.

அந்த நேரத்துக்குத்தான் இங்கே கணக்கே. இங்கிலாந்து மாதிரியில் மொத்த வீடும் சூடாகிறது. டெல்டாவில் ஓர் அறைக்குத்தான் ஏசி, அதுவும் இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை. 1,000 சதுர அடி வீட்டுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் விடை பல மடங்கு பெருத்து வரும்.

மொட்டை மாடிக்கு நேர் கீழே பத்துக்குப் பன்னிரண்டு அடி படுக்கையறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஏசி 26 டிகிரியில். சுட்டுக் கிடக்கும் தளத்திலிருந்து இரவுச் சராசரியாக 350 வாட் இறங்குகிறது. வெளிச்சுவர்கள் இரண்டிலிருந்து 180. தூங்கும் இருவரின் உடம்பிலிருந்து 160, மின்விசிறியிலிருந்து 50. இனி ஜன்னல் இடுக்கில் நுழையும் காற்று. மணிக்கு ஒருமுறை அறைக்காற்று முழுதும் மாறுகிறது என்று வைத்தால், 29 டிகிரிக் காற்றை 26க்கு இறக்க 30 வாட் போதும். ஆனால் அதே காற்றின் ஈரத்தைப் பிழிந்து எடுக்க 190 வாட் வேண்டும். வெப்பநிலையை மட்டும் பார்க்கும் மென்பொருள் இந்த 190ஐக் காணவே காணாது. திருச்சிக்கான ஆண்டு வானிலைக் கோப்பு எளிதில் கிடைக்கிறது என்று அதையே நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் போடுபவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

எல்லாம் சேர்ந்து 960 வாட். ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் என்பதால், எட்டு மணி நேரத்துக்கு 7.7 யூனிட் அளவு வெப்பம். பகலெல்லாம் சூடேறிய சுவரும் கட்டிலும் பீரோவும் முதல் சில மணி நேரத்தில் விடும் வெப்பம் இன்னொரு 4. ஏறத்தாழ 12. நல்ல இன்வெர்ட்டர் ஏசி ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்று யூனிட் வெப்பத்தை வெளியே தள்ளும் என்றால், ஓர் இரவுக்கு 4 யூனிட். கேஸ் குறைந்துபோன, ஃபில்டர் கழுவாத பழைய ஏசி என்றால் இரட்டிப்பானாலும் ஆச்சரியமில்லை.

இனி ரூபாய். 2022 செப்டம்பரில் வந்த கட்டண அட்டவணையை எடுத்துக்கொள்வோம். எண்கள் முழுதாக இருப்பதால் கணக்குக்கு வசதி. பிறகு விலை ஏறியிருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு பில். முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500க்குள் நின்றால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6. ஐநூறைத் தாண்டினால் 2.25 சலுகை மறைந்து, 101 முதல் 400 வரை எல்லாமே 4.50, 500 வரை 6, 500க்கு மேல் 8, 600க்கு மேல் 9, 800க்கு மேல் 10, ஆயிரத்துக்கு மேல் 11.

500 யூனிட் பில் 1,725 ரூபாய். 501 யூனிட் பில் 1,958. அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய். மென்பொருளைச் சோதிக்கும்போது முதலில் போட வேண்டிய இரண்டு எண்கள் இவைதாம்.

ஏசி இல்லாமல் இரு மாதத்தில் 280 யூனிட் ஓடும் வீட்டுக்கு பில் 585 ரூபாய். யூனிட்டுக்குச் சராசரி 2.09. அறுபது இரவு ஏசிக்கு 240 யூனிட். 2.09ஆல் பெருக்கினால் 502 ரூபாய் என்று வரும். உண்மையில் மொத்தம் 520 யூனிட், பில் 2,110, ஏசியின் பங்கு 1,525. அந்த 502ஐப் போல் மூன்று மடங்கு! ஆகவே யூனிட்டைச் சராசரி விலையால் பெருக்கும் கட்டளை மென்பொருள் நிரலில் எங்கிருந்தாலும் நீக்கிவிட வேண்டும். ஏசியோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை முழு பில்லையும் போட்டுக் கழிப்பதுதான் வழி. கட்டண அட்டவணை நிரலுக்குள் புதைந்து கிடக்கக் கூடாது. அமலுக்கு வந்த தேதியோடு தனிக் கோப்பாக இருக்க வேண்டும்.

மீட்டர் ரீடிங் எடுக்கும் மாதமும் பில்லை மாற்றும். மார்ச்சில் 190, ஏப்ரலில் 250, மேயில் 260, ஜூனில் 230 யூனிட் ஓடும் வீடு. மார்ச்-ஏப்ரல், மே-ஜூன் என்று பில் வரும் தெருவில் 440, 490, இரண்டும் ஐநூறுக்குள். ஏப்ரலும் மேயும் ஒரே பில்லில் விழும் தெருவில் 510, எல்லை தாண்டியாயிற்று. மாதக் கணக்கில் யோசிக்கும் மென்பொருளுக்கு இது பிடிபடாது. மாடிக்கும் கீழுக்கும் இரண்டு மீட்டர் இருந்தால் இரண்டு பில்லையும் தனித்தனியாக ஸ்லாப்பில் ஏற்ற வேண்டும். யூனிட்டைக் கூட்டிவிட்டு ஏற்றக் கூடாது.

உள்ளீடுகளில் வரும் சிக்கல் வேறு ரகம். பத்திரத்தில் நிலம் குழியில் இருக்கும். ஒரு குழி 144 சதுர அடி, எனவே 8 குழி 1,152. அது மனையின் அளவு, வீட்டின் அளவல்ல. ஸ்கேன் செய்த பத்திரத்திலிருந்து எண்ணை உருவும் நிரல் இதில் தவறாமல் சறுக்கும். கட்டடப் பரப்பை அப்ரூவ்டு பிளானிலிருந்தும் மதிப்பீட்டுப் பொறியாளரின் அறிக்கையிலிருந்தும் எடுத்து ஒப்பிட வேண்டும். பிளானில் கீழ்த்தளம் மட்டும் இருக்கும், நேரில் போனால் மேலே இன்னொரு தளம் நிற்கும். படுக்கையறைக்கு மேல் இன்னோர் அறை இருந்தால் அந்த 350 வாட்டில் பெரும்பகுதி போய்விடும். ஆகவே பரப்பைவிட முக்கியமான கேள்வி: ‘ஏசி அறைக்கு மேல் என்ன இருக்கிறது?’ பொறியாளர் படிவத்தில் இதற்கு ஒரு கட்டம் வைத்தால் போதும், கூடுதல் செலவு எதுவும் இல்லை.

பழைய பில்கள் நல்ல சாட்சி, ஆனால் குறுக்கு விசாரணை தேவை. டிசம்பர்-ஜனவரி பில்லை அடிப்படை ஓட்டமாகக் கொண்டு கோடை பில்லிலிருந்து கழித்தால் ஏசியின் பங்கு கிடைக்கும். சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பவரின் பூட்டிய வீடு என்றால் பில் பூஜ்யமாக இருக்கும்; மென்பொருள் அதை மிகச் சிக்கனமான வீடு என்று மெச்சிக்கொள்ளும். ரீடிங் எடுக்க வந்தபோது கதவு பூட்டியிருந்தால் முந்தைய அளவை வைத்துப் போட்ட பில்லும் உண்டு. இரண்டையும் தள்ளிவிட வேண்டும். வயல் மோட்டாரின் இலவச இணைப்பு எண்ணை வீட்டு எண் என்று கொடுத்துவிடுவதும் நடக்கிறது.

கிராமத்து வீட்டைச் சுற்றி வயல் இருக்கிறதே, அது குளிர்ச்சி தராதா? தண்ணீர் நிற்கும் வயல் தரும். ஆனால் மேட்டூர் வழக்கமாகத் திறப்பது ஜூன் 12. கத்திரி வெயிலின்போது பெரும்பாலான வயல் காய்ந்து வெடித்துக் கிடக்கும். கோடைக் கணக்கில் வயலுக்குத் தள்ளுபடி தர நியாயமில்லை.

இத்தனைக்கும் பிறகு கடனில் என்ன மாறும்? 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு என்றால் ஒரு லட்சத்துக்கு இ.எம்.ஐ. 868 ரூபாய். ஏசிச் செலவை ஆண்டு முழுக்கப் பரப்பினால் மாதம் 400 என்று வைத்தாலும், அது 46,000 ரூபாய்க் கடனுக்கான தவணைக்குத்தான் சமம். 25 லட்சம் கேட்பவரை இதைக் காட்டித் திருப்பி அனுப்புவது அபத்தம். இந்த எண்ணின் உண்மையான பயன் எஸ்டிமேட்டில் இருக்கிறது. மேலே பார்த்த அறையின் தளத்துக்குக் காப்புப் பலகை போட்டால் ஏசி 240 யூனிட்டிலிருந்து 170 அளவுக்கு இறங்கும். மொத்தம் 450, பில் 1,425. குறைந்தது 70 யூனிட்தான், மிச்சமோ 685 ரூபாய்; யூனிட்டுக்குப் பத்து ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. வீடு கட்டும்போதே கடனுக்குள் சேர்த்துவிடக்கூடிய செலவு இது, தட்டோடு பதித்த பிறகு செய்வது இரட்டை வேலை.

விடையை ஒற்றை எண்ணாகத் தருவதைவிட, காப்பு உள்ளது, இல்லாதது, பழைய ஏசி என்று மூன்றாகத் தருவது நல்லது. மாதச் சம்பளக்காரருக்கு ஆண்டுச் சராசரி போதும். விவசாயக் குடும்பத்துக்குப் போதாது. ஏப்ரல்-மே பில் கட்ட வேண்டியது ஜூனில். சம்பா நெல் விற்ற பணம் கரைந்து, குறுவைக்கு விதைக்கும் உழவுக்கும் கைக்காசு போகும் மாதம் அது. அவர்களுடைய அறிக்கையில் ஆறு பில்லும் தனித்தனியாக, கட்ட வேண்டிய மாதத்தோடு வர வேண்டும்.