பங்கு நிகழ்ச்சிக்கு நாள் குறிக்கும் முன், வராதவர்களைக் கேளுங்கள்

குமரி மாவட்டத்தின் களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்துக் கத்தோலிக்கப் பங்குகளில் முதியோர் விழா எப்படி இருக்கும் என்று யாரும் பார்க்காமலே சொல்லிவிடலாம். திருப்பலி, பொன்னாடை, நீளமான வாழ்த்துரை, மதியம் பிரியாணி, கையில் ஒரு எவர்சில்வர் பாத்திரம். இளைஞர் விழா என்றால் வினாடி வினா, கயிறு இழுத்தல், பாட்டு. சமூகப் பணியாளராகப் பங்குப் பேரவைகளோடு உட்காரும்போது நான் முதலில் கேட்பது வரவுசெலவை அல்ல, "யாரெல்லாம் வருவதில்லை?" என்பதைத்தான். இதற்குப் பதில் அன்பியங்களின், அதாவது பங்கிலுள்ள சிறு குடும்பக் குழுக்களின், பொறுப்பாளர்களிடம் இருக்கும். வீடு வீடாகப் போகிறவர்கள் அவர்கள். கூட்டத்தில் அவர்களைப் பேசவிட்டால் பெயர் பெயராகச் சொல்வார்கள்.

அப்புறம் அந்த வீடுகளுக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள். பக்தி குறைந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். அவர்கள் சொல்வது படி, கழிப்பறை, காது. மேட்டில் இருக்கும் கோயிலுக்குப் படியேறக் கைப்பிடி இருக்காது. கழிப்பறை பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், அதுவும் குத்தவைத்து உட்காரும் வகை. முழங்கால் மடங்காதவர் என்ன செய்வார்? முந்தின இரவிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்வார், இல்லையென்றால் வராமல் இருந்துவிடுவார். எண்பது தாண்டிய ஒரு பாட்டி என்னிடம் சொன்னார்: "சாமியாருக்க வாய் அசையுது தெரியும் மக்கா, அவ்வளவுதான்." அந்தக் கோயிலில் ஒலிபெருக்கிக்குக் குறைவில்லை. எல்லாம் கூரையோரத்தில் நின்று எதிரொலித்துக்கொண்டிருந்தன. ஒரு பெட்டியை இறக்கி, முதியவர்கள் உட்காரும் பெஞ்சுக்குப் பக்கத்துத் தூணில் மாட்டினால் பாதிப் பிரச்சினை தீரும். பொன்னாடைக்கு ஒதுக்கிய பணத்தைக் கைப்பிடிக்கும் ஒரு வெஸ்டர்ன் டாய்லெட்டுக்கும் திருப்பிவிடச் சொன்னால் பேரவையில் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை, சொல்லுங்கள்.

இதைவிட அவசரமான விஷயம் ஒன்று இருக்கிறது. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு, நன்மை (நற்கருணை) வாங்க வேண்டும் என்பதற்காக வெறும் வயிற்றோடு காலைப் பூசைக்கு வருகிற முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சிறு வயதில் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது நள்ளிரவு முதல் உபவாசம். 1957இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) அதை 3 மணி நேரமாகக் குறைத்தார். 1964இல் திருத்தந்தை ஆறாம் பவுல் 1 மணி நேரமாக்கினார். இன்றைய திருச்சபைச் சட்டம் 919இன்படி தண்ணீரும் மருந்தும் உபவாசத்தை முறிக்காது. முதியவர்கள், நோயாளிகள், அவர்களைப் பராமரிப்பவர்கள் ஆகியோரை அந்த 1 மணி நேர விதிகூடக் கட்டாது. பங்குத்தந்தை வாயால் சொன்னால்தான் இவர்கள் கேட்பார்கள், நாம் சொன்னால் "பாவம் இல்லியா?" என்பார்கள். இரண்டு மூன்று ஞாயிறு பூசை முடிவில் அவர் இதைச் சொன்னாலே போதும், மருத்துவ முகாமுக்கு நிகரான வேலை அது.

சரி, நாள் எப்படிக் குறிப்பது? தாத்தா பாட்டிகள், முதியோருக்கான உலக நாளைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2021இல் தொடங்கினார். ஜூலை 26இல் வரும், மரியாவின் பெற்றோரான சுவக்கின், அன்னா திருநாளை ஒட்டி, ஜூலை நான்காம் ஞாயிறு. நம் மேற்குப் பகுதியில் அது தென்மேற்குப் பருவமழைக் காலம். வழுக்கும் முற்றத்தில் பந்தல் போட்டு, இடுப்பெலும்பு முறியக்கூடிய வயதுக்காரர்களை வரவழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த ஞாயிறு இளைஞர்கள் முதியவர்களின் வீட்டுக்குப் போகட்டும். அந்த நாளுக்கு அறிவிக்கப்படும் பரிபூரண பலனும் (பாவத் தண்டனையிலிருந்து திருச்சபை தரும் முழு விடுதலை) முதியவர்களைச் சந்திக்கப் போகிறவர்களுக்கு உண்டு. விருந்தை மழை விட்ட பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கடற்கரையில் கணக்கு வேறு. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கம் இளைஞர்கள் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார்கள். ஆனால் மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். மகனும் பேரனும் கரையில் இருக்கிற ஞாயிறு அது. அங்கே அதே நாளில் குடும்பமாக வைப்பதுதான் சரி. உள்நாட்டிலோ ரப்பர் பால் வெட்டுகிறவர் இருட்டோடு எழுந்து போனவர், மதியம் படுத்தால்தான் மறுநாள் ஓடும். அவரை 2 மணிக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் தூங்கி வழிவார். மாலை 4 மணிக்குத் தொடங்கி வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

இளைஞர்கள் வராததற்குப் பெரியவர்கள் செல்போனைக் குறை சொல்கிறார்கள். நான் கேட்டவரை, அவர்கள் சொல்வது இதுதான்: "தோரணம் கட்ட, நாற்காலி போட எங்களைக் கூப்பிடுவார்கள், முடிவெடுக்கக் கூப்பிட மாட்டார்கள்." பிரான்சிஸ் 2019இல் இளைஞருக்கு எழுதிய மடலின் 6ஆம் அதிகாரம் முழுக்க வேர்களைப் பற்றியது, முதியவர்களோடு அவர்களை இணைப்பது பற்றியது. அதை மேடையில் வாசித்துவிட்டு, நிகழ்ச்சிப் பணத்தைப் பேரவைப் பொருளாளரே பூட்டி வைத்திருந்தால் என்ன பயன்? ஒரு வேலையைப் பணத்தோடு சேர்த்து அவர்களிடம் கொடுங்கள்.

நான் பரிந்துரைப்பது மாதம் ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும் ஒரு மேசை. முதியவர் தம் போனோடு வருவார். எழுத்தைப் பெரிதாக்கித் தர வேண்டும், வளைகுடாவில் இருக்கும் மகனுக்கு வீடியோ கால் போடக் காட்ட வேண்டும், ஓடிபி கேட்பவனிடம் என்ன சொல்வது என்று பழக்க வேண்டும். பணம் போய்விட்டால் உடனே கூப்பிட வேண்டிய 1930, முதியோர் உதவி எண் 14567 இரண்டையும் சேமித்துக் கொடுக்க வேண்டும். பதிலுக்கு 1956 நவம்பர் 1இல் குமரி தமிழ்நாட்டோடு இணைவதற்கு முந்தின திருவிதாங்கூர்க் காலத்தை நினைவில் வைத்திருக்கும் பாட்டாக்கள் பேசுவதைப் பதிவு செய்துகொள்ளலாம்.

தூத்தூர் வட்டாரத்தில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. பங்குகள் திருவனந்தபுரம் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை, ரேஷன் கார்டோ தமிழ்நாட்டுடையது. கேரள அரசுத் திட்டங்களைப் பற்றிய தகவல் இங்குள்ளவருக்கு உதவாது. தமிழ்நாட்டு முதியோர் உதவித்தொகை 2023இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. அதற்கான விண்ணப்பத்தை இதே மேசையில் நிரப்பித் தரலாம்.

மேசை கோயில் முற்றத்தில், எல்லோரும் பார்க்கும் இடத்தில் இருக்கட்டும். முதியவரின் ரகசிய எண்ணை இளைஞர்கள் கேட்கவும் கூடாது, தட்டவும் கூடாது. 18 வயது நிரம்பாதவர்கள் உதவிக்கு வந்தால் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வாங்குங்கள், கூடவே பெரியவர்கள் இருவர் இருக்க வேண்டும். வீட்டுச் சந்திப்புக்கும் யாரையும் தனியாக அனுப்ப வேண்டாம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் கோயில் வளாகத்துக்கும் பொருந்தும் என்பதைப் பேரவை உறுப்பினர்களுக்கு முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்.