சூளை காணாத கல்லில் எவ்வளவு டீசல்?

செட்டிநாட்டு வீடுகளில் பதிக்கும் தரைக்கல்லான ஆத்தங்குடிக் கல் நெருப்பைப் பார்ப்பதே இல்லை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, நிறம் கலந்த சிமெண்டுக் கரைசலைக் கட்டம் கட்டமாக ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்துவிட்டு, உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, மேலே சாந்து போட்டுச் சமன் செய்கிறார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டி, அதன்பின் வெயில். சூளையே இல்லாத இந்தத் தொழிலிலும் டீசல் விலை ஏறினால் கல்லின் விலை ஏறுகிறது. எவ்வளவு ஏறுவது நியாயம் என்பதை விழுக்காட்டில் பேசினால் குழப்பம்தான் மிஞ்சும். லிட்டரில் கணக்குப் போட்டால் தெளிவாகிவிடும்.

நெருப்பு முதலில் நுழைவது சிமெண்டு வழியாக. சுண்ணாம்புக்கல்லைக் கிளிங்கராக, அதாவது அரைத்தால் சிமெண்டாகும் கட்டிகளாக மாற்ற உலையில் 1,450 டிகிரி செல்சியஸ் வேண்டும். நல்ல உலையிலும் ஒரு டன் கிளிங்கருக்கு நூறு கிலோவுக்கு மேல் தரமான நிலக்கரி எரிகிறது. பல ஆலைகள் நிலக்கரியோடு பெட்கோக்கும் எரிக்கின்றன. அது எண்ணெய் சுத்திகரிப்பில் மிஞ்சும் கரி. ஆலையில் பழைய விலைக்கு வாங்கிய இருப்பு தீரும்வரை எரிபொருள் விலை உயர்வு சிமெண்டு மூட்டை விலையில் முழுதாகத் தெரியாது. லாரி வாடகைக்கு அந்தப் பொறுமை கிடையாது.

இனி எடை. எட்டு அங்குலச் சதுரம், இரண்டு செ.மீ. கனம் உள்ள ஒரு கல் ஏறத்தாழ 1.75 கிலோ இருக்கும். ஒரு சதுர அடிக்கு 4 கிலோ. காரைக்குடிப் பக்கமிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 400 கி.மீ. பத்து டன் ஏற்றிய லாரி லிட்டருக்கு 4 கி.மீ. ஓடினால் 100 லிட்டர் செலவு. அதில் 2,500 சதுர அடி போகும் என்பதால், சதுர அடிக்கு 40 மில்லி டீசல். டீசல் பத்து ரூபாய் ஏறினால் கூடுவது 40 காசு. திரும்பி வரச் சரக்குக் கிடைக்காமல் காலியாக வந்தால், காலி லாரி டீசலைக் குறைவாகக் குடிப்பதால், போகவர மொத்தம் 70 காசு.

அதே கல்லை 750 கிலோ தாங்கும் குட்டி வண்டியில் அனுப்பிப் பாருங்கள். லிட்டருக்கு 16 கி.மீ. கொடுத்தாலும் போகவர 50 லிட்டர் வேண்டும். ஏறுவதோ 187 சதுர அடிதான். இப்போது சதுர அடிக்கு 270 மில்லி. பத்து ரூபாய் உயர்வு 2 ரூபாய் 70 காசாக வந்து விழுகிறது. சின்ன ஆர்டர்களைத் தனித்தனியாக அனுப்பும் பட்டறைதான் எரிபொருள் உயர்வில் முதலில் அடிபடுகிறது. இரண்டு மூன்று பட்டறைகள் சேர்ந்து ஒரு லாரியை நிரப்பினாலே இதில் பெரும்பங்கு தப்பும்.

இன்னொரு சுமையும் உண்டு, பலர் இதைக் கவனிப்பதில்லை. பெட்ரோலும் டீசலும் ஜி.எஸ்.டி.க்கு வெளியே நிற்கின்றன. சிமெண்டுக்குக் கட்டிய வரியைப் பதிவு பெற்ற பட்டறை தான் கட்டவேண்டிய ஜி.எஸ்.டி.யில் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். டீசலுக்குள் இருக்கும் கலால் வரியையும் மாநில வாட் வரியையும் யாரும் கழிக்க முடியாது. அவை வாடகையில் கலந்து, அந்த வாடகை கல்லின் விலையில் கலந்து, அதன் மேல் மறுபடியும் ஜி.எஸ்.டி. ஏறுகிறது.

கச்சா எண்ணெய்ச் செய்தியைப் படிக்கவும் ஒரு கணக்கு உதவும். ஒரு பீப்பாய் 159 லிட்டர். டாலர் 85 ரூபாய் என்று வைத்தால், பீப்பாய்க்கு 10 டாலர் உயர்வு லிட்டருக்கு ஏறத்தாழ 5 ரூபாய் 35 காசு, வரிக்கு முன்னால். ரூபாய் சரிந்தால் கச்சா எண்ணெய் ஏறாமலே லிட்டர் விலை ஏறும்.

வீட்டுக்கு வருவோம். தேவகோட்டையிலிருந்து காரைக்குடிக்கு வண்டியில் வேலைக்குப் போகிறவருக்குப் போகவர 40 கி.மீ. என்றால், லிட்டருக்கு 50 கி.மீ. கொடுக்கும் வண்டிக்கு மாதம் 25 நாளில் 20 லிட்டர் பெட்ரோல். பத்து ரூபாய் உயர்வுக்கு 200 ரூபாய். வேலைக்குப் போவதைக் குறைக்க முடியாது; ஆகவே குறைவது வேறு ஒன்று. துணி, ஓட்டல் சாப்பாடு, தள்ளிப்போட முடிந்த வீட்டு மராமத்து. மராமத்து தள்ளிப்போனால் கல் பட்டறையின் ஆர்டர் குறைகிறது. செலவு ஏறும் நேரத்திலேயே விற்பனை இறங்குவதுதான் சிறுதொழிலை மிகவும் வாட்டுவது.

அடுப்படியில் 14.2 கிலோ சிலிண்டருக்குள் ஏறத்தாழ 650 மெகாஜூல் வெப்பம் இருக்கிறது. நல்ல அடுப்பில் அதில் 68 விழுக்காடு பாத்திரத்துக்குப் போகும். சுடர் மஞ்சளாகி அடி கரிந்தால் பர்னர் துளை அடைத்திருக்கிறது, அல்லது காற்று போதவில்லை. பர்னரைக் கழற்றி ஊசியால் துளையைச் சுத்தம் செய்யுங்கள். ஒரு சிலிண்டர் செய்யும் வேலையை இண்டக்ஷன் அடுப்பு ஏறத்தாழ 145 யூனிட்டில் முடிக்கும். உங்கள் மின்கட்டணப் படிநிலையில் கடைசி யூனிட் என்ன விலை என்று பார்த்துவிட்டு மாறுங்கள்.

சிவகங்கைச் சீமையில் கேஸ் விலை ஏறினால் கை சீமைக்கருவேல விறகுக்குப் போகிறது. சாதாரண மண்ணடுப்பில் 15 விழுக்காடு வெப்பம்தான் பயன்படும் என்பதால், ஒரு சிலிண்டர் வேலைக்கு 180 கிலோவுக்கு மேல் விறகு வேண்டும். விறகு இலவசமாகக் கிடைத்தாலும் வெட்டிச் சுமக்கும் உழைப்பும் புகையும் பெண்கள் தலையில்தான் விழுகின்றன. இதை மிச்சம் என்று சொல்லவே கூடாது.

பலகாரம் போடுகிறவர்களுக்குக் கணக்கு எளிது. 19 கிலோ வணிகச் சிலிண்டரை வேலைக்கு முன்னும் பின்னும் எடை போடுங்கள். 40 கிலோ தேன்குழலுக்கு 4 கிலோ கேஸ் போனால், கிலோவுக்கு 100 கிராம். சிலிண்டர் 190 ரூபாய் ஏறினால் கேஸ் கிலோவுக்கு 10 ரூபாய். தேன்குழல் கிலோவுக்கு ஒரே ஒரு ரூபாய். அதற்கு மேல் விலை ஏற்ற நேர்ந்தால் எண்ணெய், மாவு, கூலி ஆகியவற்றில் காரணத்தைத் தேடுங்கள். வணிகச் சிலிண்டர் விலை வழக்கமாக மாதம் முதல் தேதியில் மாறும். தீபாவளிக்கு முந்தைய மாதமே ஆர்டர் பிடிப்பவர்கள் விலைச்சீட்டில் ‘கேஸ் விலை மாறினால் மாறும்’ என்று ஒரு வரி சேர்த்துவிடலாம்.