டைமிங் செயின்தானே, ஆயுசுக்கும் வரும் என்றார்களே?

இந்த மாதம் இது மூன்றாவது வண்டி. கோலாலம்பூர் செந்தூலில் என் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு வந்தார்கள், 2005 டொயோட்டா வியோஸ். எஞ்சினுக்குள் கிராங் தண்டையும் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டையும் இணைக்கும் டைமிங் செயின் தளர்ந்து நழுவி, வால்வு வளைந்துவிட்டது. "ரெண்டு மாசமா காலையில மட்டும்தான் சத்தம் அண்ணே, சூடானதும் போயிடும்" என்றார் வண்டிக்காரர். போகாமல் என்ன செய்யும்? எண்ணெய் அழுத்தம் ஏறியதும் டென்ஷனர் செயினை முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொள்ளும். தேய்மானம் அப்படியேதான் இருக்கும்.

புரோட்டான் வீராவில் செயினுக்குப் பதில் இருப்பது பெல்ட். அதைக் காலாகாலத்தில் மாற்ற வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். செயின் வண்டி வாங்கியவர்களுக்குத்தான் அந்தக் கவலையே இல்லை. இரும்பாம், தேயாதாம்! செயின் 'இழுத்துவிட்டது' என்று நாங்கள் சொல்வது ரப்பர் மாதிரி நீள்வதை அல்ல. ஒவ்வொரு கண்ணியிலும் இருக்கிற பின் மயிரிழை அளவு தேய்கிறது. நூற்றுக்கு மேல் கண்ணிகள். எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். அந்த வியோஸின் பழைய செயினைப் புதியதன் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். கண்ணிகள் அதே எண்ணிக்கைதான், நீளம் ஆறேழு மில்லிமீட்டர் கூடுதல். அவர் பேசவே இல்லை.

தேய்க்கிறது எது? பெரும்பாலும் அழுக்கு எண்ணெய். மீட்டர் ஓடவில்லை என்று ஒரு வருடம் எண்ணெய் மாற்றாதவர்கள் உண்டு. ஜாலான் ஈப்போ நெரிசலில் ஒரு மணி நேரம் நிற்கும்போது மீட்டர் ஓடாது, எஞ்சின் ஓடும்.

இன்னொன்று: செயினை மட்டும் மாற்றிக் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். டென்ஷனர், செயின் உரசி ஓடும் கைடு, பல்சக்கரம் எல்லாம் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். தேய்ந்த பல்லில் புதுச் செயின் போட்டால் அதுவும் சீக்கிரம் போகும். உடைந்த பிளாஸ்டிக் கைடு கீழே விழுந்து எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைக்கும். செயின் கவரை ஒட்ட சிலிக்கான் பசையை அள்ளிப் பூசினாலும் அதே கதிதான்.

பட்டறைத் தம்பிமார்களே, செயினை மாட்டி முடித்ததும் சாவியைத் திருப்பிவிடாதீர்கள். கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, புல்லியிலும் கேமிலும் உள்ள குறிகளைப் பாருங்கள். மாட்டும்போது குறிகளுக்கு நேராக வைத்த கலர் கண்ணிகள் அப்போது நேராக வராது. அதைப் பார்த்துப் பயந்து மறுபடி கழற்றியவர்களும் உண்டு.

மற்றவர்களுக்கு ஒரே வேண்டுகோள். நாளைக் காலை வண்டியை எடுக்கும்போது மின்னல் எஃப்எம்மை உடனே போடாதீர்கள். முதல் மூன்று வினாடி முன்பக்கம் கடகடவென்று கேட்டால் அன்றைக்கே பட்டறைக்கு வாருங்கள், சொந்தமாக ஓட்டிக்கொண்டு.