‘ஆயுதம் ஏந்தும் உரிமை’ சரியான தமிழா?

அமெரிக்காவில் எங்காவது துப்பாக்கிச் சூடு நடந்தால், அடுத்த நாள் தமிழ் நாளிதழ்களில் ஒரு வரி தவறாமல் வருகிறது: ‘அந்நாட்டு அரசமைப்புச் சட்டம் மக்களுக்குத் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையைத் தருகிறது.’ சில இதழ்கள் ‘ஆயுதம் ஏந்தும் உரிமை’ என்று எழுதுகின்றன. இரண்டும் ஒன்றுதானே என்று நாம் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆனால் இந்த இரண்டு தொடர்களுக்கும் நடுவில் கிடக்கும் இடைவெளியைப் பற்றித்தான் அமெரிக்க நீதிமன்றங்கள் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக வழக்காடி வருகின்றன. தமிழில் எழுதுகிறவர் அந்த வழக்கைத் தம் பேனாவிலேயே முடித்துவிடக் கூடாது.

1791 டிசம்பர் 15 அன்று ஏற்கப்பட்ட, அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தின் இரண்டாம் திருத்தம் ஆங்கிலத்தில் வெறும் 27 சொற்கள். முற்பகுதி ‘மிலிஷியா’ என்ற மக்கள் படையின் தேவையைச் சொல்கிறது, பிற்பகுதி மக்களின் உரிமையை. அவற்றுள் துப்பாக்கியைக் குறிக்கும் சொல் ஒன்றுகூட இல்லை. இருப்பது ‘கீப் அண்ட் பேர் ஆர்ம்ஸ்’ என்ற தொடர். கீப் என்பது வைத்திருத்தல். அதில் பெரிய சிக்கல் இல்லை. பேர், ஆர்ம்ஸ் என்ற இரண்டும்தான் பாடாய்ப் படுத்துகின்றன.

‘ஆர்ம்ஸ்’ பழைய பிரெஞ்சு வழியாக லத்தீன் ‘அர்மா’விலிருந்து வந்தது. அர்மா என்றால் போர்க்கருவி. கேடயமும் கவசமும்கூட அதில் அடங்கும். உழவனின் கருவிகளையும் கப்பலின் பாய், கயிறு முதலியவற்றையும்கூட லத்தீனில் அர்மா என்றே சொல்வார்கள். சாமுவேல் ஜான்சனின் 18ஆம் நூற்றாண்டு அகராதி, தாக்கும் கருவி, காக்கும் கவசம் இரண்டையும் ஆர்ம்ஸ் என்ற சொல்லுக்குள் வைக்கிறது. இந்த அகலம் நமக்குப் புதிதல்ல. ஆயுத பூஜை அன்று ஒரு பட்டறைக்குள் போய்ப் பாருங்கள். லேத் இயந்திரத்துக்குச் சந்தனப் பொட்டு. சுத்தியல், அரம், ஸ்பேனர் எல்லாம் கழுவித் துடைத்து வரிசையாக வைக்கப்பட்டு, மேலே ஒரு துண்டு வாழையிலையில் பொரியும் கடலையும். ‘யுத்’ என்ற போர் வினையிலிருந்து பிறந்த வடசொல்லான ஆயுதம், அந்த ஒரு நாளில் தொழிற்கருவி எல்லாவற்றையும் தனக்குள் இழுத்துக்கொள்கிறது.

ஆகவே ‘துப்பாக்கி’ என்பது ஆர்ம்ஸுக்கு மிகவும் குறுகிய சொல். அதுவே துருக்கி மொழியிலிருந்து நம்மிடம் வந்தது என்பது வேறு செய்தி. மின்னதிர்ச்சி தரும் கைக்கருவி ஒன்றைப் பற்றிய வழக்கு 2016இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. திருத்தம் எழுதப்பட்ட காலத்தில் இல்லாத கருவி என்பதாலேயே அதற்குப் பாதுகாப்பு இல்லை என்று சொல்ல முடியாது என்று நீதிமன்றம் கூறியது. ‘துப்பாக்கி உரிமை’ என்று எழுதினால் அந்த வழக்கைத் தமிழில் விளக்கவே முடியாமல் போகும்.

தமிழில் இதற்கு ஒரு பழைய சொல் இருக்கிறது: படை. இன்று படை என்றால் சேனை மட்டுமே நினைவுக்கு வருகிறது. வள்ளுவருக்கோ இரண்டும் படைதான். ‘உறுப்பமைந்து ஊறஞ்சா வெல்படை’ என்னும்போது அது சேனை. ‘அல்லற்பட்டு ஆற்றாது அழுதகண்ணீர் அன்றே செல்வத்தைத் தேய்க்கும் படை’ என்னும்போது அது கருவி. குழந்தைக்குக் கட்டும் ஐம்படைத் தாலியில் இருப்பவை ஐந்து சேனைகள் அல்ல, திருமாலின் ஐந்து ஆயுதங்கள். ஆயுதமும் அதைத் தாங்கும் கூட்டமும் ஒரே சொல்லில் குடியிருந்த மொழி நம்முடையது. இரண்டாம் திருத்தத்தின் முழுச் சண்டையும் இந்த இரண்டுக்கும் உள்ள உறவைப் பற்றியதுதான்: உரிமை கருவிக்கா, சேனைக்கா?

இனி ‘பேர்’. சுமத்தல், தாங்குதல், பொறுத்தல் என்று பொருள்படும் இந்தப் பழைய ஆங்கில வினைக்கும், சமஸ்கிருத ‘பார’த்துக்கும் வேர் ஒன்று. அந்தப் பாரத்தைத்தான் நாம் பாரம் என்று தமிழாக்கிக்கொண்டோம். ஆனால் வேர்ப்பொருளை மட்டும் பிடித்துக்கொண்டு, பேர் ஆர்ம்ஸ் என்றால் ஆயுதத்தைச் சுமந்து செல்வது என்று முடித்துவிட முடியாது. இரண்டு சொற்களும் சேர்ந்து ஒரு மரபுத்தொடராக வழங்கின. படைவீரனாகப் பணி செய்வது என்பதே அதன் பொருள்.

1840இல் டென்னசி மாநில உச்ச நீதிமன்றம் இதை அழகாக விளக்கியது. மானையும் எருமையையும் வேட்டையாட ஒருவன் நாற்பது ஆண்டுகள் தினமும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போகலாம். ஆனாலும் அவன் ‘பேர் ஆர்ம்ஸ்’ செய்தான் என்று யாரும் சொல்ல மாட்டார்கள் என்றது. உடைக்குள் கைத்துப்பாக்கியை ஒளித்து வைத்திருப்பவனைப் பற்றி அப்படிச் சொல்ல இன்னும் இடமில்லை என்றும் சேர்த்துக்கொண்டது. இதைத் தமிழ்க்காதால் கேட்டுப் பாருங்கள். இளநீர் வெட்ட அரிவாளோடு போகிறவரைப் பார்த்து ‘ஆயுதம் ஏந்திப் போகிறார்’ என்று நாம் சொல்வதில்லை. ‘இலங்கையில் தமிழ் இளைஞர்கள் ஆயுதம் ஏந்தினார்கள்’ என்றால், கையில் எதை வைத்திருந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. போரில் இறங்கினார்கள் என்று உடனே புரிகிறது.

இந்த மரபுப்பொருள்தான் 2008 ஜூன் 26 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் வெளியிட்ட ஹெல்லர் தீர்ப்பில் நடுவில் வந்து நின்றது. வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருப்பதற்கு இருந்த தடையை எதிர்த்த வழக்கு அது. ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மைக்காக எழுதிய நீதிபதி ஸ்காலியா, பேர் என்றால் எடுத்துச் செல்லுதல், மோதலுக்கு ஆயத்தமாக உடலிலோ உடையிலோ பையிலோ வைத்துக்கொள்ளுதல் என்றார். பின்னால் ‘எதிராக’ என்ற சொல் வந்தால்தான் அது ஐயமின்றிப் போர்ப்பொருள் தரும் என்பது அவர் வாதம். ‘கீப்’ என்பதை நேர்ப்பொருளிலும் ‘பேர்’ என்பதை மரபுப்பொருளிலும் ஒரே ஆர்ம்ஸுக்கு மாட்ட முடியாது என்றும் சொன்னார். ஆங்கிலத்தில் வாளியை உதைத்தான் என்றால் இறந்தான் என்று பொருள். வாளியை நிரப்பியும் உதைத்தும்விட்டான் என்று சொல்லி, நிரப்பிவிட்டுச் செத்தான் என்று புரியவைக்க முடியுமா என்று கேட்டார். தமிழில் சொல்வதானால், கம்பியை வாங்கவும் நீட்டவும் செய்தான் என்று எழுதிவிட்டு, கம்பி வாங்கியபின் ஓடிப்போனான் என்று புரிந்துகொள்ளச் சொல்வது போல.

மறுப்புத் தீர்ப்பு எழுதிய நீதிபதி ஸ்டீவன்ஸ் வரலாற்றிலிருந்து பேசினார். 1776இல் பென்சில்வேனியா தன் உரிமைப் பிரகடனத்தில் ‘தங்களையும் மாநிலத்தையும் காத்துக்கொள்ள’ என்று வெளிப்படையாகச் சேர்த்தது. இரண்டாம் திருத்தத்தில் ‘தங்களை’ என்ற சொல் இல்லை. 1789 ஜூனில் இந்தத் திருத்தத்துக்காக ஜேம்ஸ் மேடிசன் நாடாளுமன்றத்தில் கொண்டுவந்த முன்வரைவில் இன்னொரு பகுதியும் இருந்தது: சமய மனச்சாட்சியால் ‘பேர் ஆர்ம்ஸ்’ செய்யத் தயங்குபவரைப் படைப்பணிக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது. கொல்லாமையைக் கடைப்பிடித்த குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினர் போன்றவர்களுக்கான விலக்கு அது. அங்கே அந்தத் தொடர் சட்டைப்பைத் துப்பாக்கியைக் குறிக்கவே முடியாது.

சொல்வழக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் ஸ்டீவன்ஸ் பக்கம்தான் எனக்குக் கனமாகத் தெரிகிறது. பின்னாளில் 18ஆம் நூற்றாண்டு நூல்களையும் கடிதங்களையும் கணினியில் தொகுத்துத் தேடிய மொழியியலாளர்களும் அந்தத் தொடர் மிகப் பெரும்பாலும் படைப்பொருளிலேயே வந்திருப்பதைக் கண்டார்கள். ஆனால் ‘கீப்’ அவர் வழியில் கிடக்கும் கல். அதுவும் இல்லாமல், சட்டம் என்பது இன்று ஹெல்லர் சொன்னதுதான்; 2022இல் நியூயார்க் வழக்கில், வீட்டுக்கு வெளியே கைத்துப்பாக்கி கொண்டுசெல்வதற்கும் அது விரிந்தது. என் சாய்வை மொழிபெயர்ப்பில் நுழைக்க எனக்கு உரிமை இல்லை.

அதனால்தான் ‘ஏந்துதல்’ எனக்கு உறுத்துகிறது. ஏந்துவது கையில், பிறர் பார்க்க. ‘தொழுதகை யுள்ளும் படையொடுங்கும்’ என்றாரே வள்ளுவர், கும்பிட்ட கைக்குள் ஒடுங்கிய அந்தப் படையை ஏந்தியதாகச் சொல்ல முடியாது. ஸ்காலியாவின் பொருள் இந்தச் சொல்லுக்குள் நுழையவே வழியில்லை. ‘எடுத்துச் செல்லுதல்’ என்றாலோ ஸ்டீவன்ஸின் பொருள் வெளியே நின்றுவிடும். நம் அரசமைப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, சீக்கியர் கிர்பான் அணிவதையும் எடுத்துச் செல்வதையும் அவர்களின் சமய ஒழுக்கத்தில் சேர்க்கிறது. அங்கே ஆங்கில மூலமே எளிய சொற்களைப் பயன்படுத்துவதால் ‘எடுத்துச் செல்லுதல்’ முற்றிலும் பொருந்தும். இங்கே பொருந்தாது.

மிஞ்சுவது ‘தாங்குதல்’. பேர் போலவே இதற்கும் சுமப்பதும் உண்டு, பொறுப்பதும் உண்டு. ஊர் எல்லையில் தலைச்சுமையை இறக்கி வைக்க நட்ட கல்லைச் சுமைதாங்கி என்றோம். விமானங்களைச் சுமந்து செல்லும் கப்பலை விமானந்தாங்கி என்றோம். இடுப்பில் செருகியிருந்தாலும் தோளில் தொங்கினாலும் ‘ஆயுதம் தாங்கிய காவலர்’ என்கிறோம். அதே தொடரில் அவர் பணியில் இருக்கிறார் என்பதும் தொனிக்கிறது. தனியாளும் படைவீரனும் நிற்க இடம் தரும் வினை இது. ‘படை தாங்கும் உரிமை’ என்று எழுதவே எனக்கு ஆசை. ஆனால் ‘தார்தாங்கிச் செல்வது தானை’ என்ற குறளில் தாங்குவது எதிரியின் முன்னணிப் படையை எதிர்த்து நிற்பது. படை தாங்குதல் அப்படியும் பொருள்பட்டுவிடும். ஆகவே படைக்கலம். கவசம் அதில் விடுபடுகிறது. அந்த இழப்பை ஏற்கத்தான் வேண்டும்.

திருத்தத்தின் முற்பகுதியில் வரும் ‘மிலிஷியா’வை இன்றைய செய்தி நடையில் ‘ஆயுதக் குழு’ என்று எழுதுவது பெரும் பிழை. 1792ஆம் ஆண்டுச் சட்டம் அது யாரென்று சொல்கிறது: 18 வயது முதல் 45 வயதுக்குட்பட்ட, உடல் வலுவுள்ள, சுதந்திரமான வெள்ளையின ஆண் குடிமக்கள். ஒவ்வொருவரும் ஒரு நல்ல துப்பாக்கி, அதன் முனையில் பொருத்தும் கத்தி, உபரியாக இரண்டு சிக்கிமுக்கிக் கற்கள், 24 தோட்டாக்களுக்குக் குறையாத பை, முதுகுப்பை ஆகியவற்றைத் தாமே வாங்கி ஆயத்தமாக இருக்க வேண்டும். ‘வைத்திருத்தல்’ எங்கிருந்து வந்தது என்பது இங்கே ஓரளவு விளங்குகிறது. வீட்டில் வைத்திருப்பதும் அழைக்கும்போது தாங்குவதும் ஒரே குடிமகன். குறள் உரைகாரர்கள் எண்ணும் அறுவகைப் படைகளில் ஒன்றான நாட்டுப்படை கிட்டத்தட்டப் பொருந்தும். ஆனால் இன்று அது தேசிய ராணுவமாக ஒலிக்கும். எனவே குடிப்படை என்கிறேன்.

கடைசியாக, முற்பகுதியையும் பிற்பகுதியையும் இணைக்கும் ‘பீயிங்’ என்ற ஆங்கில எச்சம். குடிப்படை தேவை என்பது உரிமைக்கு எல்லையா, வெறும் முன்னுரையா என்று அது சொல்லாமல் நிற்கிறது. ‘தேவையாகையால்’ என்று எழுதினால் காரணமாக்கிவிடுகிறோம், ‘தேவை.’ என்று முற்றுப்புள்ளி வைத்தால் இரண்டையும் அறுத்துவிடுகிறோம். நம் செயவென் எச்சம் இங்கே கைகொடுக்கிறது. ‘மழை பெய்யக் குளம் நிறைந்தது’ என்றால் காரணம். ‘ஞாயிறு பட வந்தான்’ என்றால் உடனிகழ்ச்சி மட்டுமே. ஒரே வாய்பாடு, இரண்டுக்கும் இடம். ஆகவே நான் இப்படி எழுதுவேன்:

‘நன்கு ஒழுங்குபட்ட குடிப்படை, சுதந்திர அரசொன்றின் காப்புக்கு இன்றியமையாததாய் இருக்க, படைக்கலங்களை வைத்திருக்கவும் தாங்கவும் மக்களுக்குள்ள உரிமை மீறப்படலாகாது.’

திருத்தத்தையே குறிக்கும் இடங்களில் ‘படைக்கலம் தாங்கும் உரிமை’ என்றும், ஹெல்லர் வழக்கு போலக் கைத்துப்பாக்கியைப் பற்றியே தீர்ப்பு வந்த இடங்களில் ‘துப்பாக்கி வைத்திருக்கும் உரிமை’ என்றும் பிரித்து எழுதலாம். தலைப்பில் இடம் போதாது என்பவர்களுக்கு ‘படைக்கல உரிமை’ போதும்.