ஸ்கேன் செய்தால் மட்டும் நூலகம் ஆகிவிடாது

பழைய பத்திரிகைகளை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றிவிட்டால் மொழி பிழைத்துக்கொள்ளும் என்று நம்புகிறவர்களை என் மின்னூலக வேலையில் அடிக்கடி சந்திக்கிறேன். அவர்களுக்கு நான் காட்டுவது ஹவாய் மொழியின் இணைய நூலகமான உலுகாவ்.

1896-இல் வந்த சட்டம் ஹவாய்ப் பள்ளிகளில் ஆங்கிலத்தையே பயிற்றுமொழி ஆக்கியது. அப்புறம் பெரும்பாலான வீடுகளில் ஹவாய் பேச்சும் மெல்ல நின்றது. 1984-இல் ஹவாய் மொழியிலேயே நடக்கும் பூனனா லேயோ மழலையர் பள்ளியும் 1987-இல் அரசுப் பள்ளிகளில் ஹவாய் வழிக் கல்வியும் தொடங்கின. சரி, வகுப்பு வந்துவிட்டது, வாசிக்கப் புத்தகம் எங்கே? ஆங்கிலப் படக்கதைகளில் ஹவாய் வரிகளை வெட்டி ஒட்டிச் சமாளித்தார்கள்.

இத்தனைக்கும் அந்த மொழியில் எழுத்துக்குப் பஞ்சமே இல்லை. 1834 முதல் 1948 வரை ஏறக்குறைய 100 பத்திரிகைகள், லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள். எல்லாம் மைக்ரோஃபிலிமில், அதாவது பக்கங்களைச் சிறிதாக்கிப் படமெடுத்த சுருள்களில், முடங்கிக் கிடந்தன. ஹவாய்ப் பல்கலைக்கழக ஹிலோ வளாகத்தின் ஹவாய் மொழி மையமும் அலு லிகே அமைப்பும் சேர்ந்து, நியூசிலாந்தின் வைகாட்டோ பல்கலைக்கழகம் உருவாக்கிய கிரீன்ஸ்டோன் என்ற இலவச மென்பொருளில் உலுகாவைக் கட்டின.

வேலையின் கஷ்டம் தேடலில்தான் தெரியும். ஹவாய் மொழியில் மலமா என்றால் மாதம், மாலமா என்றால் பேணுதல். நெடிலைக் காட்டும் மேற்கோடு பழைய அச்சில் கிடையாது. இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். இன்று பள்ளியில் மேற்கோட்டோடு எழுதப் பழகிய மாணவர் அப்படியே தட்டித் தேடினால், பழைய பக்கம் சிக்காமல் போகலாம். படத்திலுள்ள எழுத்தைக் கணினியே படித்தெடுக்கும் ஓசிஆர், மங்கிய மைக்ரோஃபிலிமைப் படிக்கும் லட்சணமோ சொல்லவே வேண்டாம். அதனால் 2011-இல் தொடங்கிய ஒரு திட்டத்தில் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் வீட்டிலிருந்தே பத்திரிகைப் பக்கங்களைத் தட்டச்சு செய்தார்கள். மொழி தெரியாதவர்களும் சேர்ந்துகொண்டார்கள். எந்த மென்பொருளையும்விட இதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஆசிரியர்களுக்குக் கைகொடுப்பது வெஹேவெஹே அகராதித் தளம். ஒரு சொல்லைத் தட்டினால் 1865-இல் வந்த அகராதி தரும் பொருளும் அண்மையில் உருவாக்கிய கலைச்சொல்லும் ஒரே பக்கத்தில் வந்து நிற்கின்றன. அறிவியல் பாடம் எடுப்பவருக்கு இரண்டுமே வேண்டும்.

ஆகவே மின்னூலகத் திட்டம் எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: ஸ்கேனருக்கு ஒதுக்குகிற அளவாவது தட்டச்சுக்கும் பிழைதிருத்தத்துக்கும் ஒதுக்குங்கள். தேடல் பெட்டியை வடிவமைக்கும் முன் அந்த மொழியில் பாடம் நடத்துகிற இரண்டு ஆசிரியர்களை உட்காரவைத்து, அவர்கள் என்ன தட்டித் தேடுகிறார்கள் என்று பாருங்கள்.