ஸ்பர் நெடுஞ்சாலை: இணைப்பா, கிளையா?

பெரிய சாலையிலிருந்து பிரிந்து ஓரிடத்தில் போய் முடியும் சாலையை ஆங்கிலத்தில் "ஸ்பர்" என்று சொன்னால் போதும், தமிழில் உடனே "இணைப்புச் சாலை" என்று போட்டுவிடுகிறார்கள். செய்தியிலும் அப்படித்தான், திட்ட அறிக்கையின் தமிழாக்கத்திலும் அப்படித்தான். "ஊக்குச் சாலை" என்றுகூட ஓரிடத்தில் பார்த்தேன். அகராதியில் கண்ணில் பட்ட முதல் பொருளை எடுத்து ஒட்டியது அது, யாருக்கும் புரியாது, அதனால் தானாகவே ஒழிந்துபோகும். இணைப்புச் சாலை அப்படியில்லை. படித்ததும் புரிந்துவிட்டதுபோல இருக்கும், ஆனால் தப்பாகப் புரிந்திருக்கும். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

ஸ்பர் என்பது குதிரை ஓட்டுபவர் குதிகாலில் மாட்டும் முள், தமிழில் குதிமுள். அங்கிருந்து சேவல் காலின் பின்பக்க முள்ளுக்கும், மலைத்தொடரிலிருந்து பக்கவாட்டில் நீளும் முகட்டுக்கும், பெரிய ரயில் பாதையிலிருந்து ஓர் ஆலைக்குப் பிரியும் குட்டித் தண்டவாளத்துக்கும், கடைசியில் சாலைக்கும் அந்தப் பெயர் போனது. எல்லாவற்றுக்கும் பொது ஒன்றுதான்: ஒரு முனை பெரியதோடு ஒட்டியிருக்கும், மறுமுனை எதிலும் ஒட்டாமல் நீண்டு நிற்கும்.

சாலையிலும் அதே கதை. பெரிய நெடுஞ்சாலை ஊருக்கு வெளியே நேராகப் போய்விடும். துறைமுகமோ விமான நிலையமோ நகரத்தின் நடுப்பகுதியோ பக்கத்தில் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும். அதற்காக மொத்த நெடுஞ்சாலையையும் வளைத்தால் தொலைதூர வண்டிகள் அத்தனையும் தேவையில்லாமல் சுற்ற வேண்டும். வளைக்காமல் விட்டால் லாரிகள் ஊர்த் தெருவில் நுழையும். அதற்குத்தான் குட்டையாக ஒரு சாலையைப் பிரித்து அந்த ஓரிடத்துக்கு மட்டும் விடுகிறார்கள்.

இதில் அமெரிக்கர்கள் வைத்த எண்முறை நம் வாதத்துக்கு நேரடியாக உதவுகிறது. 1956 சட்டத்தின் பேரில் அவர்கள் கட்டிய இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைகளில், பெரிய சாலைக்கு ஒன்று அல்லது இரண்டு இலக்க எண், அதைச் சார்ந்த சின்னச் சாலைக்கு மூன்று இலக்க எண். முதல் இலக்கம் ஒற்றைப்படை என்றால் பொதுவாக அது ஸ்பர், பிரிந்து போய் முடிந்துவிடும். இரட்டைப்படை என்றால் சுற்றிக்கொண்டு மறுபடியும் நெடுஞ்சாலையில் வந்து சேரும். சிகாகோவில் ஓஹேர் விமான நிலையத்துக்குள் போகும் 190 முதல் வகை. இப்போது இந்த விதியைத் தமிழில் எழுதிப் பாருங்கள். "ஒற்றைப்படை என்றால் இணைப்புச் சாலை" என்று எழுதினால், இரண்டு பக்கமும் இணைவது இரட்டைப்படைச் சாலை அல்லவா, விதியே தலைகீழாகிவிடுகிறதே!

இணைப்பு என்றால் இரண்டு வேண்டும். இந்தச் சாலையையும் அந்தச் சாலையையும் இணைப்பது இணைப்புச் சாலை, ஆங்கிலத்தில் லிங்க் ரோடு. அதற்கு அந்தச் சொல் நன்றாகப் பொருந்துகிறது, அங்கேயே இருக்கட்டும். "துறைமுகத்தையும் நெடுஞ்சாலையையும் இணைக்கிறதே" என்று சிலர் வாதாடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் உலகத்தில் எந்தச் சாலைதான் எதையும் இணைக்கவில்லை? எல்லாச் சாலைக்கும் பொருந்துகிற பெயரால் ஒரு சாலையைக்கூட அடையாளம் காட்ட முடியாது. ஏற்கெனவே லிங்க் ரோடு, அப்ரோச் ரோடு, சர்வீஸ் ரோடு, மேம்பாலத்தில் ஏறும் சரிவு என்று கண்டதெல்லாம் இந்த ஒரே சொல்லில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. சர்வீஸ் ரோட்டுக்கு அணுகுசாலை, பைபாஸுக்குப் புறவழிச்சாலை என்று நல்ல சொற்கள் புழக்கத்தில் இருந்தும், மொழிபெயர்ப்பவர்கள் யோசிக்கச் சோம்பல்பட்டு இதையே பிடித்துக்கொள்கிறார்கள்.

சரி, அப்போது எது சரியான சொல்? கிளைச் சாலை, பெரிதாக இருந்தால் கிளை நெடுஞ்சாலை. புதிதாக உருவாக்க வேண்டியதே இல்லை. கிளை வாய்க்கால் என்கிறோம், ரயிலில் கிளைப் பாதை என்கிறோம். ஆறுகளில் வந்து சேர்வது துணையாறு, பிரிந்து போவது கிளையாறு என்று பள்ளிக்கூடத்திலேயே பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற இடத்துக்குப் பெயரே முக்கொம்பு. ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் தெரிந்த வித்தியாசம் சாலைக்கு வரும்போது மட்டும் ஏன் மறந்துபோகிறது?

தனித்தமிழ் அன்பர்கள் சிலர் "கவைச் சாலை" என்கிறார்கள். தேவநேயப் பாவாணர் மரத்தின் பிரிவுகளை வரிசைப்படுத்தியிருப்பது பத்தாம் வகுப்புப் பாடத்திலேயே இருக்கிறது: அடிமரத்திலிருந்து பிரிவது கவை, அப்புறம் கொம்பு அல்லது கொப்பு, கிளை, சினை, போத்து, குச்சு, இணுக்கு. அதன்படி தாய்ச் சாலையிலிருந்து நேரடியாகப் பிரிவது கவைதானே என்பது அவர்கள் வாதம். வரிசை அழகானது, எனக்கும் பிடிக்கும். ஆனால் கவை என்றதும் இன்றைக்கு மனதில் வருவது கவட்டை, சரிசமமாக இரண்டாகப் பிளப்பது. ஸ்பரில் சமம் கிடையாது, பெரியது தன் வழியில் போய்க்கொண்டே இருக்கும், சின்னதுதான் விலகும். மக்கள் பேச்சில் உயிரோடு இருக்கிற கிளையைத் தள்ளிவிட்டு, விளக்கம் சொல்லிப் புரியவைக்க வேண்டிய ஒன்றைக் கொண்டுவருவதால் தமிழுக்கு லாபம் இல்லை.

மக்கள் பேச்சு என்றதும் இன்னொன்று. பிரியும் இடத்துக்குத் தென்மாவட்டங்களில் "விலக்கு" என்பார்கள், கொங்குப் பக்கம் "பிரிவு" என்பார்கள். பஸ் நிறுத்தத்தின் பெயரே அப்படித்தான் இருக்கும். வட மாவட்டங்களில் "கூட்டு ரோடு" என்று சேர்வதை வைத்துச் சொல்கிறார்கள், உண்மைதான். ஆனால் அது சாலைகள் சந்திக்கிற முனையின் பெயர், பிரிந்து போகிற சாலையின் பெயர் அல்ல.

நம் நாட்டிலும் கிளை நெடுஞ்சாலைகள் உண்டு. முன்பு எண்ணுக்குப் பின்னால் ஓர் எழுத்தைப் போட்டார்கள். பாளையங்கோட்டையிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் சாலை 7ஏ, கொச்சியில் குண்டன்னூரிலிருந்து வில்லிங்டன் தீவுக்குப் போகும், 6 கி.மீ. அளவே உள்ள சாலை 47ஏ. 2010இல் எண்களை மாற்றியபோது, கடைசி இரண்டு இலக்கம் தாய்ச் சாலையைக் காட்டும் மூன்று இலக்க முறை வந்தது. தூத்துக்குடிச் சாலை 138 ஆனது, வில்லிங்டன் தீவுச் சாலை 966பி ஆனது. களமசேரியிலிருந்து வல்லார்பாடம் சரக்குப் பெட்டக முனையத்துக்குப் போகும் 966ஏ ஏறத்தாழ 17 கி.மீ. வில்லிங்டன் தீவு, வல்லார்பாடம் சாலைகள் இரண்டும் சுத்தமான கிளைகள்.

ஆனால் எண்ணை மட்டும் நம்பவும் கூடாது. திருமங்கலம் – கொல்லம் சாலைக்கு 744 என்று 44இன் கிளை எண்தான் கொடுத்திருக்கிறார்கள், அது செங்கோட்டை வழியாக மலையைக் கடந்து போய் கொல்லத்தில் 66ஆம் எண் நெடுஞ்சாலையைத் தொடுகிறது. சேலம் – கொச்சி 544ம் அப்படியே. இவற்றைத் தாராளமாக இணைப்பு என்று சொல்லுங்கள், இரண்டு முனையிலும் ஒரு பெரிய நெடுஞ்சாலை இருக்கிறது. மொழிபெயர்ப்பவர் வரைபடத்தைத் திறந்து மறுமுனை எங்கே போய் நிற்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும். துறைமுக வாசலில் முடிந்தால் கிளை நெடுஞ்சாலை, இன்னொரு நெடுஞ்சாலையில் ஏறினால் இணைப்புச் சாலை, கிளம்பிய சாலைக்கே திரும்பினால் வளையச் சாலை.